உப்பைக் குறைத்து மெக்சிகோ பாணி இறால் காக்டெயிலும் செவிச்சேயும் செய்வது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "ஹூஸ்டனில் இருக்கிறோம். அப்பாவுக்கு எழுபது வயது, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை எடுக்கிறார். மெக்சிகோக்காரர் கடையில் கிடைக்கும் ஜில்லென்ற இறால் காக்டெயிலும் செவிச்சேயும் அவருக்கு உயிர். டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னதிலிருந்து வீட்டிலேயே உப்பில்லாமல் செய்து பார்க்கிறேன். தண்ணியாக, சப்பென்று இருக்கிறது. வழி இருக்கிறதா?"

இருக்கிறது. (தெரியாதவர்களுக்கு: வெந்த இறாலைத் தக்காளிச் சாறில் போட்டு ஜில்லென்று கோப்பையில் தருவது இறால் காக்டெயில், பச்சை மீனை எலுமிச்சைச் சாறில் ஊறவைத்துச் செய்வது செவிச்சே.) வேலை விஷயமாக ஏழு வருடம் மெக்சிகோவின் குவாதலஹாரா நகரத்தில் இருந்தேன். குடியிருந்த வீட்டுக்கார அம்மா மஸத்லான்காரர். பசிபிக் கரையில் சினலோவா மாநிலத்தில் இருக்கிற ஊர், இறாலுக்குப் பேர்போனது. அவருக்கும் பிபி வந்து, அவர் சமையலை மாற்றிக்கொண்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று கேட்கிறேன். உப்பில்லாமல் செய்தேன் என்கிறீர்கள், கெட்சப்பும் கிளமாட்டோவும் ஊற்றினீர்களா? உறைந்த இறால் பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தது என்று பார்த்தீர்களா? இந்த உணவில் உப்பு கரண்டி வழியாக வருவது கம்மி. பாட்டிலிலும் பாக்கெட்டிலும் ஒளிந்து வருவதுதான் அதிகம்.

கடையில் தரும் ஒரு கண்ணாடிக் கோப்பைக்குத் தோராயமாகக் கணக்குப் போடுவோம். கிளமாட்டோ என்பது தக்காளிச் சாறும் மட்டிச் சாறும் கலந்தது. ஒரு கப்பில் 800 மில்லிகிராமை ஒட்டி சோடியம் இருக்கும், அரை கப் ஊற்றினால் 400. கெட்சப் இரண்டு மேசைக்கரண்டி, 300. காரச் சாஸ் ஒரு தேக்கரண்டி, 60. தொட்டுக்கொள்ள ஐந்து உப்பு பிஸ்கட், 140. இறால் 100 கிராம், பதப்படுத்திய ரகமாக இருந்தால் 550 வரை. கூட்டினால் 1,450. உலக சுகாதார நிறுவனம் ஒரு முழு நாளைக்கு 2,000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது, அதாவது 5 கிராம் உப்பு. நாம் இன்னும் உப்பு டப்பாவைத் திறக்கவே இல்லை!

மெக்சிகோவிலேயே இது பெரிய கவலைதான். 2013-இல் மெக்சிகோ நகரத்தில் உணவகங்கள் மேசையில் உப்புக் குப்பியை வைக்காமல், கேட்டால் மட்டும் தருவது என்று ஒரு இயக்கம் தொடங்கினார்கள். 2020 அக்டோபரிலிருந்து பாக்கெட் உணவுகளில் 'எக்ஸெசோ சோதியோ' (சோடியம் அதிகம்) என்ற கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயம். மெக்சிகோ சந்தைக்காகத் தயாரான பாட்டில் உங்கள் கைக்கு வந்தால் அந்த முத்திரையைத் தேடுங்கள். காரச் சாஸ், சோய் சாஸ், பொடித்த சூப் க்யூப் இவற்றில் அது இல்லாத பாட்டிலைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

சரி, இறாலுக்கு வருவோம். உங்கள் 'தண்ணியாக' என்ற புகாருக்கும் பதில் இங்கேதான். உறித்து உறைய வைத்த மலிவு இறாலைப் பெரும்பாலும் சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட் கரைசலில் ஊறப்போடுகிறார்கள். அது சதைக்குள் தண்ணீரைப் பிடித்து வைக்கும், எடை கூடும். வீட்டில் வேகும்போது அந்தத் தண்ணீர் கழன்று வந்து கோப்பையை நீர்த்துப்போக வைக்கும். ஊறப்போடாத இறாலில் 100 கிராமுக்கு 120 மில்லிகிராம் அளவுக்குத்தான் சோடியம். ஊறினதில் நாலைந்து மடங்கு. அதனால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். 'இறால்' என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் வாங்குங்கள். ஓட்டோடு கிடைத்தால் இன்னும் நல்லது, ஓடு நமக்கு வேண்டும்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கல் உப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்து மீன் கழுவுவோம் அல்லவா? அப்பாவுக்காகச் செய்யும்போது உப்பை விட்டுவிட்டு மஞ்சளும் எலுமிச்சையும் மட்டும் போட்டு அலசுங்கள், போதும்.

இப்போது 'சப்பென்று' என்ற புகார். ஜில்லென்று சாப்பிடும் எதிலும் ருசி மங்கும். உருகிப்போன ஐஸ்கிரீமை நக்கிப் பார்த்தால் திகட்டும், அதே ஐஸ்கிரீம் உறைந்திருக்கும்போது அளவான இனிப்பாகத் தெரியும். குளிர்ச்சியில் வாசனையும் மேலே எழும்பாது. நாம் ருசி என்று சொல்வதில் பாதிக்கு மேல் மூக்கின் வேலை. அதனால்தான் கடைக்காரர் உப்பைக் கூட்டிப் போடுகிறார். உப்பை எடுத்துவிட்டால் அந்த இடத்தை வேறு எதைக் கொண்டாவது நிரப்ப வேண்டும். வெறுமனே எடுத்தால் நீங்கள் சொன்ன மாதிரிதான் ஆகும்.

பலர் செய்கிற தப்பு, எலுமிச்சையை அள்ளிப் பிழிவது. புளிப்பு ஒரு அளவு வரை உப்பைத் தூக்கிக் காட்டும். அதைத் தாண்டினால் நாக்கு 'உப்பு கொண்டா' என்று கேட்கும். ரசத்தில் புளி கூடினால் உப்புக்குக் கை போகிறதே, அந்தக் கதைதான். மஸத்லான் அம்மா எலுமிச்சையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து அங்கே ஆரஞ்சுச் சாறு சேர்ப்பார். மெக்சிகோவில் சில கடைகளில் காக்டெயிலுக்கு ஆரஞ்சு சோடாவே ஊற்றுவார்கள், நமக்குப் பழமே போதும். எலுமிச்சை வாங்கும்போது அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் பெரிய, விதையில்லாத பச்சை ரகத்தைவிட 'கீ லைம்' என்ற பெயரில் வலைப்பையில் வரும் சின்ன ரகத்தை எடுங்கள். மெக்சிகோவின் கொலிமா, மிச்சொவாகான் பக்கத்துத் தோட்டங்களில் விளைவது அதுதான். ஊரில் நாம் பிழிகிற எலுமிச்சையும் அதே இனம். ஆசியாவிலிருந்து ஸ்பானியர் வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. அதன் தோலின் வாசனை உப்புக்கு ஈடாக நிற்கும், பிழியும் முன் கொஞ்சம் தோலைத் துருவி வைத்துக்கொள்ளுங்கள்.

இறால் காக்டெயிலை நான் செய்கிற விதம் இது, நாலு பேருக்கு.

ஓட்டோடு அரை கிலோ இறால். உறித்து, முதுகு நரம்பை எடுத்துவிட்டு, ஓட்டையும் தலையையும் தனியே வையுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெயில் ஓட்டைச் சிவக்க வறுங்கள். நண்டு வறுத்த மாதிரி வீடு முழுக்க மணக்க வேண்டும், அதுவரை அடுப்பை விட்டு நகராதீர்கள். பிறகு அரை வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு பிரியாணி இலை, நாலு மிளகு, மூன்று கப் தண்ணீர். பதினைந்து நிமிடம் கொதிக்க விட்டு வடிகட்டினால் கிளமாட்டோ செய்கிற வேலையை இந்தச் சாறு செய்யும். அந்தச் சாறை மறுபடி கொதிக்க வைத்து, இறாலைப் போட்டு, அடுப்பை அணைத்து மூடுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் சுருண்டு, உள்ளே வரை வெள்ளையாகிவிடும். ஒன்றை வெட்டிப் பாருங்கள், கண்ணாடி மாதிரித் தெரிந்தால் இன்னும் ஒரு நிமிடம். உடனே எடுத்து, ஐஸ் நிரப்பிய பெரிய பாத்திரத்தின் மேல் ஒரு சின்னக் கிண்ணம் வைத்து அதில் ஆற விடுங்கள். நேராக ஐஸ் தண்ணீரில் போட்டால் ருசி கழுவிக்கொண்டு போகும்.

அடுத்து தக்காளி. நாலு பழுத்த தக்காளியை எண்ணெய் இல்லாமல் தோசைக்கல்லில் போட்டுத் தோல் கறுக்கும் வரை சுட வேண்டும். மெக்சிகோவில் கொமால் என்பது நம் தோசைக்கல்லின் அண்ணன், இப்படிச் சுடுவதற்கு 'ததெமாதோ' என்று பெயர். கூடவே ஒரு காய்ந்த சிபோத்லே மிளகாயையும் லேசாக வாட்டுங்கள். புகையில் உலர்த்திய மிளகாய் அது, புகை வாசனை உப்புக் குறையை அழகாக மறைக்கும். டப்பாவில் அடோபோ சாஸில் ஊறி வருகிற சிபோத்லே வேண்டாம், அதில் உப்பு உண்டு. சுட்ட தக்காளி, ஊறவைத்த மிளகாய், ஒரு கப் இறால் சாறு, ஒரு ஆரஞ்சின் சாறு, இரண்டு எலுமிச்சையின் சாறு எல்லாவற்றையும் அரைத்து ஃப்ரிட்ஜில் வைத்தால் கெட்சப் தேவைப்படாது. சுடுவதில் தக்காளியின் இனிப்பு திரண்டு நிற்கும்.

வெங்காயத்துக்கு ஒரு சின்ன வேலை. பச்சை வெங்காயத்தின் காரத்தை எடுக்க மெக்சிகோவில் உப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள், 'தெஸ்ஃப்ளெமார்' என்பார்கள். சளியெடுப்பது என்று சொல்லிக்கொள்ளலாம்! நாம் உப்பை விட்டுவிட்டு ஐஸ் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு, பிழிந்து, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு விட்டால் அதே பலன். வெள்ளரிக்காய்க்கும் உப்பு பகைதான், உப்புப் பட்டதும் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும். உப்பில்லாமல் செய்வதில் ஒரு லாபம், வெள்ளரி கடைசி வரை நறுக்கென்று இருக்கும்.

எல்லாம் நன்றாகக் குளிர்ந்த பிறகு, பரிமாறப் போகும்போது சேர்க்கவும்: இறால், தக்காளிச் சாறு, வெங்காயம், வெள்ளரி, பொடியாக நறுக்கிய பச்சை மிளகாய், கொத்தமல்லி, எலுமிச்சைத் தோல் துருவல், மேலே அவகாடோ. ஒரு மணி நேரம் முன்பே கொத்தமல்லியைப் போட்டால் வாசனை போய்விடும்.

இப்போது உப்பு. ஆமாம், கொஞ்சம் போடத்தான் போகிறோம். நாலு பேருக்குமாகக் கால் தேக்கரண்டி. அதை எப்போது, எங்கே போடுகிறோம் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. இறால் வேகும் தண்ணீரில் போட்டால் காணாமல் போகும். அரைத்த சாறில் போட்டாலும் கரைந்து பரவி மந்தமாகிவிடும். கல் உப்பைக் கொரகொரப்பாகப் பொடித்து, குளிர்ந்த இறாலின் மேல், வாயில் போடுவதற்குச் சற்று முன்னால் தூவுங்கள். நாக்கு முதலில் தொடுவது அந்தப் பருக்கையைத்தான். தலைக்கு 150 மில்லிகிராம் சோடியம் இதிலிருந்து, இறாலின் இயல்பான உப்பு ஒரு 100. எப்படிக் கணக்குப் போட்டாலும் கோப்பைக்கு 300-ஐத் தாண்டாது. கடைக் கோப்பையில் ஐந்தில் ஒரு பங்கு.

பிஸ்கட்டுக்குப் பதில் சோள டார்ட்டிய்யா, அதாவது மக்காச்சோள மாவில் செய்த மெல்லிய ரொட்டி. நல்ல மெக்சிகோ சோள டார்ட்டிய்யாவில் சோளம், சுண்ணாம்பு, தண்ணீர் அவ்வளவுதான், உப்பே போடும் வழக்கம் இல்லை. வாங்கும்போது மட்டும் லேபிளைப் பாருங்கள். 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஓவனில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் காயவிட்டால் அப்பளம் போல நொறுங்கும் தோஸ்தாதா தயார்.

செவிச்சே பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசவேண்டியிருக்கிறது. எலுமிச்சைச் சாறில் ஊறிய மீன் வெள்ளையாக மாறுவதால் வெந்துவிட்டது என்று நினைக்கிறோம். புளிப்பு புரதத்தைத் திரளச் செய்கிறது, அவ்வளவுதான். விப்ரியோ போன்ற கிருமிகளோ அனிசாக்கிஸ் புழுவோ அதில் சாகும் என்று நம்ப முடியாது. மைனஸ் 20 டிகிரி செல்சியஸில் ஏழு நாள் உறைய வைத்தால் புழு சாகும், கிருமி அப்போதும் தப்பிக்கும். எழுபது வயதுக்காரருக்குப் பச்சை மீன் வேண்டாம் என்பது என் கருத்து. சிறுநீரக, கல்லீரல் தொந்தரவு உள்ளவர்கள், சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள் யாருக்குமே வேண்டாம்.

அதற்காக ஆசையை விட வேண்டியதில்லை. மஸத்லானில் சியெர்ரா என்ற மீனைக் கொத்தி, துருவிய கேரட்டோடு செவிச்சே செய்வார்கள். சியெர்ரா நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு. வஞ்சிரத் துண்டுகளை இட்லிப் பானையில் எட்டு பத்து நிமிடம் ஆவியில் வேகவைத்து, முள் எடுத்து உதிர்த்து, குளிரவைத்து, துருவிய கேரட், வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, எலுமிச்சை, ஆரஞ்சு சேர்த்துப் பிசறுங்கள். வேகவைத்து உதிர்த்த மீனிலோ நண்டிலோ குளிர்ச்சியாகச் செய்வதற்கு மெக்சிகோவிலேயே சல்பிகோன் என்று பெயர் உண்டு, ஆகவே நாம் எதையும் கெடுத்துவிடவில்லை. ஒரே எச்சரிக்கை, வஞ்சிரம் இனத்து மீன்களை வாங்கியதிலிருந்து வேகும் வரை ஐஸிலேயே வையுங்கள். வெளியில் கிடந்தால் ஹிஸ்டமின் சேரும், அப்புறம் வேகவைத்தாலும் அது போகாது.

வெராக்ரூஸ், அகாபுல்கோ பக்கத்துச் செய்முறைகளில் ஆலிவ் காய் வரும். உப்புத் தண்ணீரில் ஊறியது அது. அதற்குப் பதில் கிளிமூக்கு மாங்காயைப் பொடியாக நறுக்கிப் போடுவேன். ஹூஸ்டனில் கிடைக்கிற எந்தப் புளிப்பு மாங்காயும் சரிதான். மாங்காயும் இறாலும் சேர்ந்த செவிச்சே மெக்சிகோவிலும் சகஜம்.

அகுவாச்சிலே கேட்பீர்கள் என்று தெரியும், பச்சை இறாலை மிளகாயும் எலுமிச்சையும் அடித்த சாறில் நனைத்துச் சாப்பிடுவது அது. சினலோவா மலைப்பகுதியில் உலர்ந்த இறைச்சியைச் சில்தெபின் என்ற காட்டு மிளகாய்த் தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டதிலிருந்து வந்தது என்பார்கள், பிறகு கரைக்கு இறங்கி இறாலைப் பிடித்துக்கொண்டது. மூன்று பச்சை மிளகாய், ஒரு கைப்பிடி கொத்தமல்லி, வெள்ளரித் தோல், அரை கப் எலுமிச்சைச் சாறு, இரண்டு ஐஸ் கட்டி, அடித்து வெந்த இறால் மேல் ஊற்றினால் முடிந்தது. காரம் இருப்பதால் உப்பு குறைந்தது தெரியவே தெரியாது. (வெந்த இறாலில் செய்ததை ஒரு சினலோவாக்காரர் எதிரில் அகுவாச்சிலே என்று சொல்லாதீர்கள், சண்டைக்கு வருவார்.) கறுப்பு அகுவாச்சிலே என்று ஒன்று இருக்கிறது, அதில் சோய் சாஸ். ஒரு மேசைக்கரண்டி சோய் சாஸிலேயே 900 மில்லிகிராம் சோடியம். கறுப்பு நிறம் வேண்டுமானால் மிளகாய், பூண்டு, வெங்காயம் மூன்றையும் தோசைக்கல்லில் கரியாகும் வரை சுட்டு அரையுங்கள். நிறமும் வரும், சோய் தருகிற அடி ருசியும் ஓரளவு வரும்.

காய்கறிகளில் சொல்ல நிறைய இருக்கிறது, இரண்டு மூன்று மட்டும் சொல்கிறேன். காலிஃப்ளவரைச் சின்னப் பூவாகப் பிரித்து ஒரு நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, மீனுக்குச் செய்கிற அதே விதத்தில் செவிச்சே செய்யலாம். மெக்சிகோவில் சைவக்காரர்களின் விருப்பம் அது. அடுத்து நொபாலெஸ், நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியின் குடும்பம்தான், முள் நீக்கிய இளம் மடலைக் காயாகச் சமைக்கிறார்கள். வெண்டைக்காய் மாதிரி வழவழக்கும். வழவழப்பை எடுக்க அங்கே உப்புத் தடவி வைப்பார்கள், அல்லது உப்பு நீரில் வேகவைப்பார்கள். இரண்டும் நமக்கு ஆகாது. பட்டையாகக் கீறி, காய்ந்த தோசைக்கல்லில் நிறம் மாறும் வரை வாட்டினால் வழவழப்பு தானே வற்றிவிடும், வெண்டைக்காய்க்கு நாம் செய்வது போலத்தான். ஆற வைத்து வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, எலுமிச்சையோடு கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் நல்ல குளிர் சாலட். மேலே தூவும் சீஸில்தான் உப்பு இருக்கிறது. கொதிஹா சீஸ் ரொம்ப உப்பு, ஒரு சிட்டிகை உதிர்த்தால் போதும், உள்ளே கலக்காதீர்கள்.

குவாதலஹாராவில் 'பிகோ தெ கயோ' கேட்டால் தக்காளிச் சட்னி வராது. ஹிக்காமா என்ற சாறுள்ள வெள்ளைக் கிழங்கு, வெள்ளரி, ஆரஞ்சு, மேலே மிளகாய்ப் பொடி தூவிய பழக்கலவை வரும். அந்தத் தூளாக எல்லோரும் டாகின் என்ற மிளகாய், எலுமிச்சை, உப்பு கலந்த கடைத் தூளைத் தூவுகிறார்கள். அதில் கால் தேக்கரண்டியிலேயே 190 மில்லிகிராம் சோடியம். அதே நிறுவனம் சோடியம் குறைத்த ரகமும் விற்கிறது. நான் வீட்டிலேயே இரண்டு மேசைக்கரண்டி குவாஹியோ மிளகாயை வறுத்துப் பொடித்து, உலர்த்திய எலுமிச்சைத் தோல் ஒரு தேக்கரண்டி சேர்த்து வைத்துக்கொள்கிறேன். குவாஹியோ இல்லையென்றால் காஷ்மீரி மிளகாய்.

நீங்கள் கேட்காவிட்டாலும் ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 'லோ சோடியம் சால்ட்' என்று விற்பதில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும். சில பிபி மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தைத் தேக்கிவைக்கும். சிறுநீரகம் பலவீனமாக இருந்தாலும் அதே கதை. இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பையே பாதிக்கும். மாத்திரைச் சீட்டைக் காட்டி டாக்டரிடம் கேட்காமல் அதைத் தொடாதீர்கள். சிறுநீரகப் பிரச்சினை உண்டென்றால் தக்காளி, ஆரஞ்சு, அவகாடோ இவற்றின் அளவையும் அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், மூன்றிலும் பொட்டாசியம் அதிகம். இந்துப்பு, கடல் உப்பு, இமயமலை உப்பு எல்லாம் நிறத்தில்தான் வேறு, சோடியத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது.

அஜினோமோட்டோ பற்றியும் கேட்பார்கள். அதில் சோடியம் 12 சதவீதம், உப்பில் 39. ஒரு சிட்டிகை போட்டு உப்பைக் குறைப்பது கணக்குப்படி லாபம்தான். ஆனால் இறால் ஓட்டுச் சாறும் சுட்ட தக்காளியும் இருக்கும்போது எனக்கு அது தேவைப்பட்டதில்லை. காய்ந்த இறால் கருவாடு மட்டும் வேண்டாம். ருசி அபாரம், உப்பும் அபாரம்.

முதல் வாரம் அப்பா முகம் சுளிப்பார். நாக்கு பழகச் சில வாரங்கள் ஆகும். அந்த அம்மாவும் முதலில் உப்பை மூன்றில் ஒரு பங்குதான் குறைத்தார், பத்து நாள் கழித்து இன்னும் கொஞ்சம். ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுத்தால் அப்பா பக்கத்துக் கடைக்கே போய்விடுவார்.

அப்படிப் போனாலும் கடையில் சொல்ல ஒரு வரி சொல்லித் தருகிறேன்: "சின் சால், லாஸ் சால்ஸாஸ் அபார்தே, போர் ஃபவோர்." உப்பு வேண்டாம், சாஸ்களைத் தனியாகக் கொடுங்கள் என்று அர்த்தம். இறாலுக்குள் ஏற்கெனவே ஏறின உப்பை அவர்களால் எடுக்க முடியாது, பாட்டில் உப்பையாவது நிறுத்தலாம். காக்டெயிலைவிட சாஸ் இல்லாத செவிச்சே தோஸ்தாதா தேவலை, ஆனால் மீன் பச்சையா வெந்ததா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மிச்செலாதா என்று ஒரு பீர் பானம் மெனுவில் இருக்கும். கிளமாட்டோ, சாஸ், கோப்பை விளிம்பில் உப்பு மூன்றும் அதில் சேர்ந்து வரும். அப்பா அதைக் கேட்டால் வெறும் பீரோடு நிறுத்தச் சொல்லுங்கள், அதையும் டாக்டர் விட்டிருந்தால்.